குடிப்பெயரும் பூர்விக மனையும்

(நம் சங்கத்துக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சில தினங்களுக்கு முன் என் வகுப்பில் நம் குடிப் பிள்ளை ஒருவனை அடுத்திருந்த மாணவன் 'மலைக்காரன்' என்று நகையாடினான். நம் பிள்ளை முகஞ்சிவந்து, தன் முன்னோர் தாராபுரத்தாரேயன்றி மலைக்காரர் அல்லர் என்று மறுமொழி கூறினான். அவன் கூறியதில் நம் முன்னோர் வழக்கு உண்டு. எனினும் வாழும் மலையை நாணி மறைத்தது என் உள்ளத்தை வருத்திற்று. அதுபற்றியே இன்று பேச எழுந்தேன்.

குன்னுவர் என்னும் நம் பெயர்க்கு இருவகைக் காரணம் கூறுவர். 1906ஆம் ஆண்டில் வெளிவந்த மதுரை ஜில்லா கெசட்டியரில் பிரான்ஸிஸ் துரை நம் முன்னோர் வாய்மொழியைக் குறித்துவைத்தார். தாராபுரம், காங்கயம் பகுதிகளின் வேளாளர் சில நூற்றாண்டுகட்கு முன் பழனிமலை ஏறினர் என்பதும், கோயமுத்தூர்ச் சீமைக் குன்னூரால் இப்பெயர் பெற்றனர் என்பதும் அவ்வழக்காம்.

மற்றொரு சாரார் குன்றில் வாழ்வோர் குன்னுவர் என்பர். கன்று கன்னு எனவும், பன்றி பன்னி எனவும் பேச்சில் திரிதல்போலக் குன்று குன்னு எனத் திரியும். மலையாளத்தார் இன்றும் குன்னு என்றே வழங்குவர். இனி, குன்னூர் என்னும் ஊர்ப்பெயரும் குன்றூர் என்பதன் மரூஉவாதல் கூடும். அங்ஙனமாயின், எவ்வழிச் செல்லினும் நம் பெயர் குன்றையே சென்று சாரும். அப்பெயரைத் தாங்கிக்கொண்டு மலையை நாணுதல் தகுமோ?

ஜப்பான் தேசத்துச் செய்தி ஒன்று கூறுவேன். மோட்டார் வண்டிப் பெயராக நாமறிந்த சுசுகி, ஆங்கு 15 லட்சத்திற்கு மேற்பட்டோர் தாங்கும் குடும்பப்பெயர். வாகாயாமா மாகாணத்துக் கைனான் நகரில், ஃபுஜிஷிரோ என்னுமிடத்திலுள்ள பழைய மனையே அப்பெயரின் பூர்விக இல்லம் எனப் போற்றப்படுகிறது. பாழடைந்திருந்த அதனைச் செப்பனிட்டு 2023ஆம் ஆண்டில் யாவரும் காணத் திறந்தனர். அப்பெயருடையார் அனைவரும் அம்மனையின் வழித்தோன்றல்களோ எனின், அல்லர். ஜனங்கள் யாவரும் குடும்பப்பெயர் கொள்ளவேண்டுமென்று 1875ஆம் ஆண்டில் அங்கே சட்டம் பிறந்தது. பலர் அப்போதே பெயர் பூண்டனர். ஆகவே பெயரைப் பேணுதல் வேறு. இரத்தப் பெருமை பாராட்டுதல் வேறு.

நமக்கும் இது பொருந்தும். நாம் ஏறிவருமுன்னரே பளியர் இம்மலையில் வாழ்ந்தனர். தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்பதுக்கைகள் இன்னும் தொன்மையுடையன. ஆதலின் மலைக்கு நாமே முதல்வர் என்று செருக்குதலும் வேண்டா. மலைக்கு அயலார் என்று ஒதுங்குதலும் வேண்டா. 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் மனை அமைக்குமுன்னரே இங்கு ஏர் பூட்டியவர் நம்மவர். பூம்பாறைச் சரிவில் படிபடியாய் அமைந்த வயல்களைக் காண்மின்! 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் இத்தகைய வயல்களில் விளைவதே.

நம் முன்னோர் புறப்பட்ட மனை எதுவென்று காட்டும் கல்வெட்டை யான் கண்டிலேன். முதியோர் நினைவே நம் கல்வெட்டு. அது நாள்தோறும் தேய்கின்றது. ஆதலின் ஒவ்வோர் இல்லத்துப் பிள்ளையும் தன் பாட்டனார் பாட்டியாரை அணுகி, வந்த ஊர், ஏறிய வழி, குலதெய்வம், முதலிற் குடியிருந்த மனை ஆகியவற்றைக் கேட்டெழுதிச் சங்கத்தில் சேர்ப்பிப்பானாக. அங்ஙனம் எழுதிய பிள்ளை, 'மலைக்காரன்' என்று விளித்தால் "ஆம்" என்று தலைநிமிர்ந்து விடைகூறுவான் என்று சொல்லி அமைகின்றேன்.