தோல் தொழிலில் கற்றதும் சொல்லத் தவறியதும்

(பொன்விழாவை ஒட்டி நடந்த இளம் வணிகர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஐம்பது ஆண்டு கண்ட சங்கத்தின் மேடையில் பேச, எங்களைவிடப் பெரிய வியாபாரிகள் பலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். எங்களுடையது திரிங்காப் கடைவீதியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. கணவன், மனைவி, தம்பி என மூன்று பேர். ஒருவர் வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் விற்பார். 'நாங்கள்' என்று நாங்கள் சொல்வது இந்த மூவரையும்தான். பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து, கத்தி உறை, குர்ஆன் வைக்கும் உறை ஆகியவற்றைக் கையால் தைத்து விற்கிறோம். பெரிய வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. சின்ன வியாபாரத்தில் பட்ட அடியைச் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறோம்.

அத்தா இதே திரிங்காப்பில் மளிகைக் கடை வைத்திருந்தார். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் காய்கறித் தோட்டத்து ஆட்களுக்கும் அரிசி, பருப்பு, ரப்பர் பூட்ஸ், கம்பளி விற்றார். நாங்கள் ஈப்போ உங்கு உமர் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்து, சில வருடம் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, அத்தாவுக்கு முடியாமல் போனதும் மலைக்குத் திரும்பினோம். அப்போது காய்கறித் தோட்டத்து ஆள் ஒருவர் ஒரு பழைய பெல்ட்டைக் கொண்டுவந்தார். முட்டைக்கோஸ் அறுக்கும் கத்திக்கு இதில் ஒரு உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தைத்துக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. கத்தி முனை உள்ளே போகும்போதெல்லாம் தையலை அறுத்திருந்தது. இரண்டு தோலுக்கும் நடுவில், விளிம்போரமாக மூன்றாவதாக ஒரு தோல் துண்டை வைத்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் கத்தி நூலைத் தொடாது. இது தொழில் தெரிந்தவர்களுக்கு முதல் பாடம். எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. மூன்று உறை வீணான பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு தொழில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைத்துத் தைக்கப் பழகினோம். தையல் மெஷின் போடும் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் மற்றதும் பிரிந்து வரும். இரட்டை ஊசித் தையலில் ஒரு பக்கம் தேய்ந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் வேண்டும், தடித்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இவையெல்லாம் கை பழகினால் வந்துவிடும். எங்களைப் படுத்தியது இரண்டே இரண்டு: ஒன்று பூஞ்சை, மற்றது விலை.

முதலில் பூஞ்சை. நம் மலையின் ஈரம் உங்களுக்குத் தெரியும். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் கைவேலைக்கு நல்லது. அச்சுப் பதியும், ஓரம் தேய்த்தால் பளபளக்கும், நாள் போகப் போக நிறம் ஏறும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும். ஆனால் அச்சுப் பதியாது. பட்டைத் தோலுக்கு ஒரு குறை உண்டு. ஈரத்தில் அதில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை வியாபாரத்துக்காக 60 பர்ஸ் தைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தூசி படாமல் இறுக்கி மூடி வைத்தோம். இரண்டு வாரம் விடாத மழை. திறந்தபோது வெள்ளையும் பச்சையுமாக முடி முளைத்த மாதிரி இருந்தது. துடைத்துத் தேறியவை போக 37 பர்ஸைக் குப்பையில் போட்டோம். நாலு மாத உழைப்பு அது. அந்த மாதம் கடை வாடகையைக் கடன் வாங்கித்தான் கட்டினோம்.

தோல் விற்றவரிடம் போய்ச் சொன்னோம். "மலையில் இருக்கிறவர்களுக்கு இது வழக்கம்தானே" என்றார். வழக்கம் என்று தெரிந்தால் விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நாங்கள் ஆறேழு நாள் பொருமினோம்.

இன்று நாங்கள் செய்வது இதுதான். தோலை பிளாஸ்டிக்கில் மூடுவதில்லை, பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி, காற்றோடும் பலகைமேல் வைக்கிறோம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று சுவரில் இருக்கிறது. அது 70 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் போடுகிறோம். எண்ணெய் அதிகம் பூசுவதில்லை. மிதமிஞ்சிய எண்ணெயும் பூஞ்சைக்குத் தீனிதான். நனைந்த தோலை வெயிலிலோ அடுப்படியிலோ காயப்போட்டால் விறைத்து வெடிக்கும். நிழலில், மெதுவாகத்தான் காய வேண்டும். ஒவ்வொரு பர்ஸோடும் இதைத் தமிழிலும் மலாயிலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம்.

அடுத்தது விலை. ஒரு பர்ஸுக்குக் கழிவோடு சேர்த்துத் தோல் 18 ரிங்கிட். நூல், பசை, மெழுகு, பட்டன் 4 ரிங்கிட். ஆக 22. பக்கத்துக் கடையில் மெஷினில் தைத்த பர்ஸ் 39 என்பதால் நாங்கள் 45க்கு விற்றோம். 23 ரிங்கிட் லாபம் என்று மகிழ்ந்தோம். ஒரு நாள் மனைவிதான் கேட்டார்: "இதைத் தைக்க நாலு மணி நேரம் ஆகிறதே, அந்த நேரம் யாருடையது?" கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு ஆறு ரிங்கிட்டுக்கும் குறைவு. சந்தை வாடகையும் பெட்ரோலும் அதற்குள்தான். 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு எட்டு ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. வேறொருவரை வேலைக்கு வைத்தால் கொடுக்க வேண்டிய கூலியைக்கூட எங்களுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

இப்போது இப்படிக் கணக்கிடுகிறோம். பொருள் 22. நாலு மணி நேரத்துக்கு, மணிக்கு 9 வீதம், 36. வாடகை, பெட்ரோல் பங்கு 10. வெட்டும்போதும் தைக்கும்போதும் வீணாவதற்கு 7. ஆக 75. அதற்கு மேல் 10 ரிங்கிட் லாபம் வைத்து 85. விலையைக் கூட்டிய மாதம் கை நடுங்கியது. வாங்குபவர்கள் பாதியானார்கள். ஆனால் முன்பு 40 பர்ஸ் விற்று, பொருள் செலவு போக 23 வீதம் 920 நின்றது. இப்போது 20 விற்று 63 வீதம் 1,260 நிற்கிறது. வேலை நேரமும் பாதி. மிச்ச நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார முடிகிறது. தம்பிமார்களே, மெஷினோடு விலையில் போட்டி போடாதீர்கள். அந்தப் போட்டியில் நாம் ஜெயித்தாலும் நஷ்டம்தான்.

இப்போது சொல்லப்போவது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமானது. ஆனால் இதற்காகத்தான் வந்தோம்.

பூஞ்சையில் அடிபட்ட அடுத்த வருடம், கம்போங் ராஜா பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி இரவுச் சந்தையில் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி தோல் சாமான் கடை போட்டார்கள். கை சுத்தமான வேலை. ஒரு நாள் அந்தத் தம்பி எங்களிடம் வந்து, "அண்ணே, மழைக் காலத்தில் சரக்கை எப்படி வைக்கிறீங்க?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியும். 37 பர்ஸைக் கொடுத்து வாங்கிய பதில் அது. ஆனால் மனதில் என்ன ஓடியது என்றால், இவர் நம் வாடிக்கையைப் பிடிக்க வந்தவர்தானே என்பதுதான். "போகப் போகப் பழகிடும் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் அவர்கள் சரக்கு முழுவதும் போயிற்று. ஜனவரியில் அந்தத் தம்பி எங்கள் கடைக்கு வந்தார், கருவிகளை விற்க. துளையிடும் முள், ஓரம் சீவும் கத்தி, மரச் சுத்தியல். வாங்கினோம். பணத்தைக் கையில் கொடுக்கும்போது மனம் தாங்காமல் பூஞ்சை விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றார். தோல் விற்றவரைப் பற்றி நாங்கள் பொருமிய அதே வார்த்தை. அவர் இப்போது காய்கறி லோரி ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் கை காட்டுவார். அந்தச் சுத்தியல் எங்கள் மேசையில்தான் இருக்கிறது.

அவர் போனதால் எங்கள் வியாபாரம் கூடியதா? இல்லை. இரண்டு தோல் கடை இருந்தபோது, பார்த்து, ஒப்பிட்டு வாங்க வந்தவர்கள், ஒன்றே இருந்தபோது நிற்காமல் போனார்கள்.

பிறகு ஊருக்குப் போனபோது தோல் தொழில் நடக்கும் இடங்களைப் பார்த்தோம். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டிகள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் பக்கத்துத் தோல் ஒரு காலத்தில் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு லண்டன் சந்தைக்குப் போனது. அந்த வணிகத்தில் தமிழ் முஸ்லிம்கள் முன் நின்றார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது. தோல் வணிகர் ஜமால் முகம்மது சாஹிப் பெயரில் 1951இல் திருச்சியில் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் பெயரில் 1965இல் ஒரு கல்லூரி. தோலில் வந்த பணம் கல்வியாகத் திரும்பியதைப் பார்த்துப் பெருமைப்பட்டோம்.

பெருமையோடு மற்றதையும் பார்த்தோம். 1970களுக்குப் பிறகு குரோம் பதனிடல் பெருகியபோது கழிவு நீர் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. விவசாயிகளின் கிணறுகள் கெட்டன. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், சுத்திகரிப்பு வசதி இல்லாத தோல் ஆலை நடக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சிறிய ஆலை ஒன்று தனியாக அந்த வசதியைக் கட்ட முடியாது. பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தார்கள், செலவைப் பங்கிட்டார்கள். ஒருவர் தாங்க முடியாததைப் பலர் சேர்ந்தால் தாங்கலாம். இன்னும் முன்னதாகவே சேர்ந்திருந்தால் பல கிணறுகள் பிழைத்திருக்கும். இதைப் பார்த்தபோது எங்களுக்கு அந்த லோரித் தம்பியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்ததும் ஒன்று தொடங்கினோம். மாதம் ஒரு முறை, தானா ராத்தா, ஈப்போ பக்கத்திலிருந்து தோல் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் எங்கள் கடையில் கூடுகிறோம். மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு. இருபது சதுர அடி வரும் பாதி மாட்டுத் தோலை ஒருவர் தனியாக வாங்குவது பாரம், சேர்ந்து வாங்கிப் பங்கிடுகிறோம். வருகிற ஒவ்வொருவரும் அந்த மாதம் தான் கெடுத்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். ஏன் கெட்டது என்று சொல்ல வேண்டும். அடக்க விலையை மறைக்கக் கூடாது. ஒருவர் வரைந்த மாதிரியை மற்றவர் கேட்காமல் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி.

நம் மக்களுக்காக ஒரு வார்த்தை. உள்பக்கத் துணிக்குப் பதிலாகப் போடும் மெல்லிய தோலை வாங்கும்போது கவனியுங்கள். பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூட்டமாக இருக்கும். பதனிட்டாலும் அது நமக்குத் தூய்மையாகாது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, பன்றி, நாயின் எந்தப் பாகத்தில் செய்த பொருளானாலும் விற்பவர் அதைத் தெரிவிக்க வேண்டும். சந்தேகமானதை வாங்கித் தைத்து, தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். கடையையும் பதிவு செய்துவிடுங்கள். கடைப் பெயரில் பதிவதற்கு வருடம் 60 ரிங்கிட்தான்.

நம் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோலைப் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்களால் பெரிய தொகை கொடுக்க முடியாது. ஆனால் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கப் பணம் எதற்கு? இந்த மண்டபத்தில் தோல் வேலை செய்யாதவர்களும் இருக்கிறீர்கள். உணவகம், ஜவுளி, கைப்பேசிக் கடை, எதுவானாலும் நீங்கள் கொடுத்து வாங்கிய பாடம் ஒன்று உங்களிடம் இருக்கும். கேட்டு வருகிற இளையவரிடம் "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். எங்கள் மேசையில் ஒரு சுத்தியல் இருக்கிறதே, அது போதும்.

அடுத்த ஐம்பது ஆண்டும் இந்தச் சங்கம் நம் பிள்ளைகளுக்கு நிழலாக நிற்க அல்லாஹ் கிருபை செய்வானாக. உங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த லோரித் தம்பி குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.