எல்லைச் சாவடியும் அண்டை நாட்டு உறவும்



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தி வருகின்றனர். கிழக்கேயிருந்து அரிசியும் காய்கறியும் இங்கு வருகின்றன. இந்நாட்டு மிளகும் ரப்பரும் கிழக்கே செல்கின்றன. இப்போக்குவரத்தை நாம் இயல்பானதென்றே கருதுகிறோம். ஆயினும் இவ்வழி தானாகத் திறந்ததன்று.

திருவிதாங்கூர் தனி அரசாக இருந்த காலத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் சரக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயில் தீர்வை செலுத்தியே உள்ளே வர வேண்டும். புகையிலை வாணிகமோ அரசாங்கத்தின் தனியுரிமை. தீர்வை மிகுந்த இடத்தில் கள்ளக்கடத்தலும் மிகுவது இயற்கையே.

கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ் திவானாக இருந்த காலத்தில் இந்நிலை மாறிற்று. 1863இல் புகையிலைத் தனியுரிமை நீங்கியது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையால், சில பண்டங்கள் நீங்கலாக, நிலவழிச் சுங்கம் ஒழிந்தது. துறைமுகத் தீர்வை விகிதங்களை ஒன்றாக்கிக்கொண்டனர். உப்பின் விலையையும் ஒப்ப அமைத்தனர். சிறிய அரசுகளின் வருவாய் இழப்புக்கு ஈடு செய்யவும் வழி வகுக்கப்பட்டது. இக்கடைசி ஏற்பாடே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இழப்பவரின் அச்சத்தைப் போக்கிய பின்னரே தடை விலகிற்று.

விடுதலைக்குப் பின் நம் அரசியலமைப்பின் 301ஆம் விதி, நாடெங்கும் வாணிகம் தடையின்றி நடைபெற வேண்டுமென்றது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது. ஆனால் மாநிலங்களின் விற்பனை வரி வேறுபட்டமையால் அமரவிளையிலும் வாளையாற்றிலும் சோதனைச் சாவடிகள் எழுந்தன. லாரிகள் வரிசையில் காத்து நின்றன. அழுகும் காய்கறியின் இழப்பும், ஓட்டுநரின் வீணான இரவும் எந்த அரசின் கணக்கிலும் வரவாகப் பதியவில்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அவ்வரிச் சாவடிகள் நீங்கின. அப்போதும் மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது. 1865இன் நெறியே மீண்டும் பயன்பட்டது எனலாம்.

நாடுகளுக்கிடையே இப்பணி இன்னும் கடினமானது. வங்காளத்தின் பெட்ராபோல் எல்லையைக் கடக்கும் இந்திய லாரி, அப்பாலுள்ள பேனாப்போலில் சுமையை இறக்க வேண்டும். அங்கிருந்து வங்கதேச லாரி அதனை ஏற்றிச் செல்லும். இத்தகைய இடர்களைக் களையவே வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஆனால் 2016இல் பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை அதனை ஏற்க மறுத்தது. பெரிய அண்டை நாடுகளின் வண்டிகள் பெருகினால் தம் மலைநாட்டின் சுற்றுச்சூழலும், உள்ளூர் லாரித் தொழிலாளரின் பிழைப்பும் என்னவாகும் என்பது அங்கு எழுந்த கவலை. அதனைப் பிடிவாதமென ஒதுக்குவது எளிது, ஆனால் முறையன்று. திருவிதாங்கூருக்கு வருவாய் குறித்து இருந்த கவலை எத்தகையதோ, இதுவும் அத்தகையதே.

ஆகவே, சாலையை அகலப்படுத்துவதும் சாவடியை அகற்றுவதும் மட்டும் போதா. வரி விகிதம் ஒத்திருத்தல், ஒருவர் தரும் சான்றை மற்றவர் நம்புதல், சிறியவர்க்கு நேரும் இழப்பைப் பெரியவர் பகிர்ந்து கொள்ளுதல் ஆகிய மூன்றும் வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் திறந்த எல்லைகளின் பயனை நாள்தோறும் துய்ப்பவர்கள். அந்நன்மை அண்டை நாட்டு மக்களுக்கும் எட்ட வேண்டுமென விழைவது நமக்குப் பொருத்தமே அன்றோ?