பிள்ளைகளின் மலச்சிக்கலுக்கு மலைத்தோட்டத்து மருந்து



காப்பிக்கு எரு வைப்பது, மிளகுக்கொடியைப் பேணுவது என்று எவ்வளவோ பேசுகிறோம். இன்றைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைங்க வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். "பையன் நாலு நாளா வெளிக்குப் போகலீங்க. போனாலும் ஆட்டுப் புழுக்கை மாதிரி வருது, அழறான்." சேர்வராயன் மலையில் எந்த ஊர்த் தாயும் சொல்லக்கூடிய பேச்சுதான் இது.

பெருங்குடலின் வேலை, சக்கையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. சக்கை உள்ளே தங்கத் தங்க வற்றிக் கல்லாக இறுகும். இறுகினது வெளியே வரும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து பிள்ளை அடக்குவான். அடக்கினால் இன்னும் இறுகும். இந்தச் சுற்றை உடைக்க வேண்டும். அதற்கு நார்ச்சத்து வேண்டும், தண்ணீரும் வேண்டும். நார்தான் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சக்கையை இளக்கித் தள்ளுகிறது.

நம் மலைவாழ் மக்கள் காலங்காலமாகச் சாமையும் கேழ்வரகும் விதைத்துச் சாப்பிட்டவர்கள். இப்போது பல வீடுகளில் மூன்று வேளையும் வெள்ளை அரிசிதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகில் 11 கிராம். சாமையில் அரிசியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் சாமையை மெஷினில் வெள்ளையாகத் தீட்டிவிட்டால் தவிட்டோடு நாரும் போய்விடும்.

ஒரு சுலபமான கணக்கு உண்டு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டுங்கள். தினமும் குறைந்தது அத்தனை கிராம் நார் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு 11 கிராம். காலையில் 50 கிராம் மாவில் கேழ்வரகுக் கூழோ களியோ, சாயங்காலம் ஒரு நல்ல கொய்யா. கணக்கு ஏறக்குறைய முடிந்தது. மதியம் ஒரு கைப்பிடி கீரை, அவரை அல்லது மொச்சை சேர்ந்தால் தாராளம்.

கொய்யா, ஆரஞ்சு, பட்டர் புரூட், பலா எல்லாம் நம் தோட்டத்தில் விளைகிறவைதானே? அவற்றை மொத்தமாகச் சேலத்துக்கு இறக்கிவிட்டு, அங்கிருந்து மைதா பிஸ்கட்டை ஏற்றிக்கொண்டு வந்து பிள்ளைக்குக் கொடுப்பது நியாயமா? கூடைக்கு நாலு பழம் வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள். ஆரஞ்சைச் சாறு பிழியாமல் சுளையாகவே கொடுங்கள். நார் சுளையில்தான் இருக்கிறது.

நாரை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள், வயிறு உப்பும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் சிக்கல் அதிகமாகும். நம் மலை 1,500 மீட்டர் உயரம். குளிரிலும் மூடுபனியிலும் பிள்ளைங்களுக்குத் தாகமே எடுக்காது. காய்ச்சிய வெந்நீரை வெதுவெதுப்பாக அடிக்கடி நீங்களே நீட்டுங்கள். காப்பித்தண்ணி அதற்கு ஈடாகாது.

காலைச் சாப்பாடு முடிந்ததும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். காலுக்கு ஊன்று இருக்கட்டும். திட்டாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைப்பதெல்லாம் வேண்டாம். விளக்கெண்ணெயும் பேதி மாத்திரையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சில நாள் போகாவிட்டாலும், மலம் இளக்கமாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்தால் பயமில்லை.

ஆனால் வயிறு வீங்கினால், வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் கண்டால், எடை குறைந்தால், பிறந்ததிலிருந்தே சிக்கல் இருந்தால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்த பட்டத்தில் காப்பிக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி கீரை, ஒரு துண்டு நிலத்தில் கேழ்வரகு போட்டு வையுங்கள். அது சந்தைக்கு அல்ல, பிள்ளைங்களுக்கு.