புன்னகையால் குடும்பம் காத்த பெரியவர்

(நமது ஜமாஅத்தின் மூத்த பெரியவர் ஒருவரின் மறைவையொட்டிப் பள்ளிவாசலில் நடைபெற்ற துஆ மஜ்லிஸில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தம் பெயரைப் புகழ்ந்து எங்கும் எழுத வேண்டாம் என அன்னார் சொல்லி வைத்திருந்தபடி இங்கு பெயர் குறிக்கப்படவில்லை.)

 

   

84 ஆண்டுகள் இவ்வுலகில் வாழ்ந்து, நம்மைப் பிரிந்து சென்ற பெரியவருக்காகக் கையேந்த நாம் இங்கே கூடியிருக்கிறோம். அன்னாரின் பேரப்பிள்ளைகள் அவரை ‘அப்பா’ என்று அழைத்தார்கள். அதைக் கேட்டு நம் மஹல்லாவின் பிள்ளைகள் அனைவருமே ‘அப்பா’ என்று அழைத்தார்கள். ஜனாஸா புறப்பட்டபோது பெரியவர்கள் அழுததை விடச் சிறுவர்கள் அழுததே அதிகம் என்பதை நாம் கண்ணால் கண்டோம். ஒரு முதியவருக்காகத் தெருப்பிள்ளைகள் தேம்பி அழுதார்கள் என்றால், அவர் எதைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஓதி முடித்து ஸனது பெற்ற சூட்டோடு இப்பள்ளிக்கு நான் இமாமாக வந்தேன். முதல் ரமளான். தராவீஹின் இடைவேளையில் கடைசி ஸஃப்பிலிருந்து பிள்ளைகளின் சிரிப்பொலி எழுந்தது. நான் திரும்பி நின்று கடுமையாகக் கண்டித்தேன். நாளை முதல் சிறுவர்கள் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கடைசி ஸஃப் வெறிச்சோடிக் கிடந்தது. என்றும் முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர் மட்டும் அங்கே தன்னந்தனியாக அமர்ந்திருந்தார். “முன்னால் இடமிருக்கிறதே, வாருங்கள்” என்றேன். அவர் எழுந்து நின்று, “ஹஜ்ரத், நேற்றுச் சிரித்த பிள்ளைகளுள் மூத்தவன் நான். அவர்களைச் சிரிக்க வைத்ததும் நான்தான். தண்டனை சின்னவர்களுக்கு மட்டும் என்றால் நியாயமாகாதே! என்னையும் அனுப்பிவிடுங்கள்; அவர்களுடன் வெளியே விளையாடிக் கொள்கிறேன்” என்றார். முகத்தில் புன்னகை மாறவில்லை. சொன்ன சொல்லோ என் நெஞ்சில் தைத்தது.

மதரஸாவில் நான் ஓதிய ஹதீஸ் அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுவித்துக் கொண்டிருந்தபோது ஒரு ஸஜ்தாவை வழக்கத்திற்கு மாறாக நீட்டினார்கள். தோழர்கள் காரணம் வினவியபோது, தம் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதாகவும், அப்பிள்ளையின் ஆசை தீருமுன் அவசரப்படுத்த மனம் வரவில்லை என்றும் விளக்கினார்கள். இதை ஷத்தாத் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக நஸாயீயில் காண்கிறோம். பிள்ளையின் விளையாட்டுக்காக ஸஜ்தாவையே நீட்டிய நபியின் உம்மத்தில் இருந்துகொண்டு, நான் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவை அடைத்திருந்தேன்!

அன்றிரவே வீடு வீடாகச் சொல்லி அனுப்பினேன். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அன்று கடைசி ஸஃப்பில் நின்றவர்களுள் ஒருவர் இன்று நம் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கிறார். அந்தப் பெரியவர் மட்டும் அன்று கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால், நாம் எத்தனை பேரை இழந்திருப்போம்!

அன்பர்களே! அவர் வேடிக்கையாகப் பேசியவர். ஆனால் வேடிக்கைக்காகப் பொய் பேசியதில்லை. ஒருவரின் உடலையோ ஏழ்மையையோ இழித்துச் சிரித்ததும் இல்லை. பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுத்திருக்கிறான். நபி (ஸல்) அவர்களும் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள். வாகனம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று தெளிவுபடுத்தினார்கள். பேச்சில் நகைச்சுவையும் இருந்தது, சொல்லும் உண்மையாகவே இருந்தது.

நம் பெரியவரின் பலசரக்குக் கடையில் இந்த இலக்கணத்தை நான் கண்டிருக்கிறேன். கடன் சொல்லிச் சாமான் வாங்கியவர் மாதக்கடைசியில் கையைப் பிசைந்து கொண்டு நிற்பார். பெரியவர் பற்றுக் கணக்கு நோட்டை விரிப்பார். இரு கண்களையும் இறுக மூடிக்கொள்வார். “இந்தப் பக்கத்தில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லையே!” என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். கண்ணை மூடியவருக்கு எழுத்து எப்படித் தெரியும்? பொய்யும் இல்லை, வாங்கியவரின் முகமும் வாடவில்லை. தர்மம் செய்ததாகக் கூட அவர் காட்டிக் கொள்ளவில்லை.

துன்பம் அறியாதவர் சிரித்தால் அதில் வியப்பில்லை. அன்னாரின் துணைவியார் பக்கவாதத்தால் ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். நாள்தோறும் அஸருக்குப் பின் கடையைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியவர் வீட்டுக்குச் செல்வார். தம் கையால் கஞ்சி ஊட்டுவார். ஊட்டிக்கொண்டே ஒரு விடுகதை போடுவார். அம்மையாரால் விடை சொல்ல இயலாது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் அசையும். “ஹஜ்ரத், அந்த அரைச் சிரிப்புத்தான் எனக்கு அன்றைய முழு வருமானம்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதை அவருடைய மக்கள் இருவரின் இசைவோடு சொல்கிறேன். பிறருக்குப் பயன்படட்டும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் சகோதரர் இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. பேச்சு நின்றது. முற்றத்தின் நடுவே சுவர் எழுப்புவதென முடிவாகி, கொத்தனார் வந்து சுண்ணாம்பால் கோடும் போட்டுவிட்டார். தந்தையார் தடுக்கவில்லை, ஏசவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அந்தக் கோட்டின் மேல் போட்டு அமர்ந்துகொண்டார். “சுவரைத் தாராளமாகக் கட்டுங்கள். என் சோறு எந்தப் பக்கம் என்று மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். சுவர்மேல் ஏறி அமர்ந்து இருபுறமும் கை நீட்ட எனக்கு வயதாகிவிட்டது” என்றார்.

மூன்று நாள் அவருக்கு உணவு அந்தக் கோட்டின் மேல்தான். ஒரு மருமகள் இந்தப் பக்கமிருந்து சோறு வைப்பார். மற்றவர் அந்தப் பக்கமிருந்து ஆணம் ஊற்றுவார். கொத்தனார் வருவார், பார்ப்பார், திரும்பிப் போவார். மூன்றாம் நாள் இரவு, மூத்தவர் ஒரு பக்கமும் இளையவர் மறுபக்கமும் தாமாக வந்து அமர்ந்தார்கள். ஒரே தட்டில் மூவரும் உண்டார்கள். சுவர் எழவில்லை. அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பேரப்பிள்ளைகள் விளையாட்டுக்கு எல்லையாக்கிக் கொண்டார்கள்.

ஜமாஅத்தார்களே! பாகப்பிரிவினை வழக்குகள் நம் அலுவலகத்திற்கு வருவதை நீங்கள் அறிவீர்கள். பங்கு கேட்பது ஹக்கு. அதை மார்க்கம் தெளிவாக வகுத்துத் தந்திருக்கிறது. ஆனால் பங்கு பிரியும்போது உறவும் பிரிந்துவிடாமல் காக்க, ஒவ்வொரு வீட்டிலும் கோட்டின் மேல் அமர ஒருவர் வேண்டும். அதட்டுகின்ற பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். தம்மையே சிறிதாக்கிக் கொண்டு, பிள்ளைகளைச் சிரிக்க வைத்துச் சேர்க்கின்ற பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன அக்ரஃ (ரலி) அவர்களுக்கு, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை நாம் மறந்துவிடக் கூடாது.

இறுதியாக ஒன்று. ஜனாஸா தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, தம் தந்தை யாருக்கேனும் கடன் பட்டிருந்தால் தாங்கள் பொறுப்பேற்பதாக அறிவித்தார். கேட்டு ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் நான்கு பேர் வந்தார்கள். தாங்கள்தாம் அவருக்குக் கடன் பட்டிருப்பதாகச் சொல்லி நின்றார்கள். அப்போது நானும் அங்கிருந்தேன். வாரிசுகள் அனைவரும் உள்ளே கலந்து பேசி மனமொத்தார்கள். பிறகு மூத்தவர் அந்தப் பழைய நோட்டை விரித்துக் கண்களை மூடிக்கொண்டார். “எங்களுக்கும் எழுத்துத் தெரியவில்லை” என்றார். இளையவர் பக்கத்தைப் புரட்டினார். துக்க வீட்டில் எல்லோரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம்.

ஒரு ஜனாஸாவை மக்கள் நல்லவிதமாகப் புகழ்ந்தபோது, அவருக்குச் சுவனம் உறுதியாகிவிட்டது என்றும், நீங்கள் பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் என்றும் நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். யா அல்லாஹ்! இவர் எங்களை மகிழ்வித்தார், எவரையும் நோகடிக்கவில்லை. இதற்கு நாங்கள் சாட்சி சொல்கிறோம். இவரின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்கி, உயர்ந்த சுவனத்தை அருள்வாயாக! இவர் விட்டுச்சென்ற இடத்தில் அமரும் மனத்தை எங்கள் ஒவ்வொருவருக்கும் தருவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.