நஞ்சு நண்பனையும் கொல்லும்

(மடுல்கெல்லையில் விவசாயிகளும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



அரசியல் மேடையில் கோவாவுக்கும் போஞ்சிக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். லயத்தின் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் விளையும் கறியே பல குடும்பங்களின் உணவு. அதில் தெளிக்கும் நஞ்சு நம் குழந்தைகளின் வயிற்றையே சேரும். ஆகவே இது பொதுமக்கள் பிரச்சினையே.

பூச்சியைக் கண்டதும் மருந்துப் போத்தலைத் தேடுகிறோம். அதன் விளைவை நம் மலைநாட்டுத் தேயிலை முன்னரே கண்டிருக்கிறது. இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டது. கொழுந்து பறிப்போரைக் கொட்டும் குளவியன்று இது. புழுவின் உடலுக்குள் முட்டையிடும். அதன் குஞ்சுகள் அப்புழுவையே உண்டு வளரும். புழுவின் கொட்டம் அடங்கிற்று. பின்னர் 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று!

வீட்டுத் தோட்டத்தின் நியதியும் இதுவே. அழுக்கணவனைத் தின்னும் புள்ளிவண்டும், புழுக்களைப் பிடிக்கும் சிலந்தியும் தவளையும் கூலி கேளாத காவலர்கள். அவர்களைக் கொன்றுவிட்டுப் பயிரைக் காப்பது எங்ஙனம்?

செய்யவேண்டுவது யாது? காலைதோறும் இலைகளின் அடிப்புறத்தைப் பாருங்கள். முட்டைகளை நசுக்குங்கள், புழுக்களைப் பொறுக்கிச் சவர்க்கார நீரில் இடுங்கள். அழுக்கணவனை நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். பாகற் பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடினால் பழ ஈ அணுகாது. கோவா பறித்த பாத்தியில் மறுபடியும் கோவா நடாமல் போஞ்சி நடுங்கள். இவற்றுக்கும் அடங்காவிடின், வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் தெளியுங்கள். வேம்பு இக்குளிர் மலையில் செழிப்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தாராளமாக உண்டு. அங்குள்ள உறவினரிடமிருந்து தருவித்துக் கொள்ளலாம்.

சட்டம் படித்தவன் என்ற முறையில் சட்டத்தின் எல்லையையும் நான் அறிவேன். 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களும் கிருமிநாசினிகளும் நாட்டுக்குள் வருவதை அரசாங்கம் திடீரெனத் தடுத்தது. மாற்று வழியை விவசாயிக்குக் கற்பிக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை நீங்கியது. வர்த்தமானி அறிவித்தல் ஒரு புழுவையேனும் பொறுக்குமா?

அறிவே முதலில் வரவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே விவசாய உத்தியோகத்தரின் அறிவுரையைத் தமிழில் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அதற்காக விண்ணப்பம் எழுதித் தருவது எம்போன்ற படித்தவர்களின் கடமை.

வரும் போகத்தில் வீட்டுக்கு ஒரு பாத்தியையேனும் நஞ்சின்றி வளர்ப்போம். விளைந்ததை அயலாருக்குக் காட்டுவோம். மேடைப் பேச்சு செய்யாததை அந்த ஒரு பாத்தி செய்துவிடும்.