தையலுக்குள் இருக்கும் துணி



கொண்டாட்டக் காலம் வந்தால் எங்கள் வீடுகளில் சாறிக்குச் சட்டை தைப்பிக்கிற கதையும் கூடவே வந்துவிடும். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்ச நேரம் பேசப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்தது. மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சென்னையில் ஒரு கடையில் சாறி எடுத்தோம். சட்டையின் அளவைத் தொலைபேசியில் சொன்னோம். அங்கேயே தைத்து அனுப்பினார்கள். பொதி வந்து சேரும்போது சடங்குக்கு ஆறு நாள்தான் இருந்தது. போட்டுப் பார்த்தால் கை ஏறவில்லை, கொளுக்கி பூட்டவில்லை. அளவு கொடுத்து மூன்று மாதம், பிள்ளை வளர்ந்துவிட்டாள். தையலைப் பிரித்துப் பெருப்பிக்கலாம் என்று சட்டையை மறுபக்கம் திருப்பினேன். உள்ளே அரை விரல் அகலத்துக்குக்கூடத் துணி இல்லை. ஒட்ட வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தார்கள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்தோவ்னரில் ஒரு அன்ரி இருக்கிறா. ஊரிலே தையலால் குடும்பத்தைப் பார்த்தவா. அவவிடம் ஓடினேன். "பிள்ளை, கவலைப்படாதையும். சாறியின்ர உள்முந்தியில ஒரு சாண் வெட்டுவம். இடுப்புக்குள்ள போற பக்கம், ஆருக்குத் தெரியப்போகுது?" என்றா. அந்தத் துண்டைக் கமுக்கட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துத் தந்தா. காசு வாங்கவில்லை. வெளிக்கிடும்போது ஒன்று சொன்னா: "அளவு பிழைக்கிறது ஆருக்கும் வரும். உள்ளுக்குத் துணி விடாததுதான் பிழை."

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மா தைத்த எந்தச் சட்டையிலும் இரண்டு விரல் துணி உள்ளே மடிந்திருக்கும். அக்காவுக்குத் தைத்தது பெருப்பித்து, சுருக்கி, கடைசியில் எனக்கு வரும். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது, அம்மா சிங்கர் மெசினின் தலையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினா. காலும் மேசையும் வீட்டோடு நின்றுவிட்டன. தென்மராட்சியில் அந்தத் தலையைக் கையால் சுற்றித் தைத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டா.

இந்த நாட்டுக்காரரும் இதை அறியாதவர்கள் அல்லர். மே 17 அன்று அவர்கள் அணியும் பூனாட் உடையைப் பாருங்கள். பதினைந்து வயதில் கொன்பிர்மசியோனுக்குத் தைத்ததை ஐம்பது வயதிலும் அணிவார்கள். இரகசியம், தையலுக்குள் தாராளமாக விட்டிருக்கும் துணிதான். நோர்வேஜிய மொழியில் அதற்குச் "சொம்மொன்" என்று பெயர். அந்தப் பூனாட் கைவேலையை 2024இல் யுனெஸ்கோவும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இனி, சட்டை தைப்பிக்கிறவர்களுக்குச் சில விடயங்கள்.

ஊருக்கோ இந்தியாவுக்கோ கொடுப்பதென்றால் வாயால் அளவு சொல்லாதீர்கள். அளவான பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். எழுதுவதென்றால் அங்குலமா சென்ரிமீற்றரா என்று எழுதுங்கள். "இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் உள்ளே விடுங்கள், மிச்சத் துண்டையும் அனுப்புங்கள்" என்று கட்டாயம் சொல்லுங்கள். ஒரு அங்குலம் இருந்தால், தையலை அரை அங்குலம் தள்ளி அடித்தாலே சுற்றளவு 2 அங்குலம் கூடும். பொங்கல் விழாவுக்கு உள்ளே கம்பளிச் சட்டை போடுகிறவர்கள், அதைப் போட்டுக்கொண்டே அளவு எடுங்கள்.

பிழைத்தால் இன்னொன்று வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். வெளிநாட்டுக் கடைப் பொதிக்கு முன்பிருந்த 350 குறோணர் சலுகை 2024 ஜனவரியோடு போய்விட்டது. முதல் குறோணரிலிருந்தே 25 வீத வரி.

இங்கே குறொன்லான்ட் பக்கம் துணி எடுக்கிறவர்கள் அகலத்தைக் கேளுங்கள். ஊரிலே 36 அங்குல அகலத்தில் யார் கணக்கில் வாங்கிப் பழகினோம். இங்கே பல துணிகள் 140, 150 சென்ரிமீற்றர் அகலம். பழைய கணக்கில் வாங்கினால் காசு வீண். பருத்தியென்றால் ஒரு முறை தோய்த்துக் காயவிட்டே வெட்டக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் தோய்ப்பில் சுருங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. அந்த அன்ரிக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க மகள் போகிறாள். போன இடத்தில் தையல் பிரிக்கவும் கொளுக்கி வைக்கவும் பழகிவிட்டாள். எங்கள் பகுதியிலே இந்த வேலை தெரிந்த அம்மாமார் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உங்கள் மகளையும் மகனையும் ஒரு சனிக்கிழமை இருத்துங்கள். வீட்டில் மெசின் இல்லையென்றால், 2020இல் பியோர்விகாவில் திறந்த டைக்மன் நூலகத்தில் தையல் மெசின்கள் இருக்கின்றன. நூலகம்தானே, காசு கேட்கமாட்டார்கள்.

மகளின் அந்தச் சட்டை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. போன மாதம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, அன்ரி இதுக்குள்ளயும் ரெண்டு விரல் விட்டிருக்கிறா" என்றாள்.