வெள்ளைக் குதிரையில் வந்தவர் யார்?

கதையைக் கேட்பது ஒரு சுகம். கேட்ட கதையைப் பற்றி மறுநாள் நாலு பேர் கூடி வழக்காடுவது அதனினும் பெரிய சுகம். நம் ஊர்களில் பாரதம் படித்த காலத்தில், படிப்பு முடிந்த பின்பு திண்ணையில் கர்ணன் கட்சி, அர்ச்சுனன் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நடுநிசி வரையில் பேசுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் திண்ணை இப்பொழுது எங்கே போயிற்று என்று வருந்துகிறவர்களுக்கு நான் ஒரு தொலைக்காட்சித் தொடரைச் சுட்டிக் காட்டுவது வழக்கம். 1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்று ஒரு கதை வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. ஆயினும் குன்னூரில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும், கோத்தகிரித் தேநீர்க் கடைகளிலும், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களின் லயன் வாசலிலும் அதைப் பற்றிய வழக்கு நடப்பதை நான் இன்றும் கேட்கிறேன். குறிப்பாக, கதையின் முடிச்சு அவிழ்கிற அந்தப் பகுதியைப் பற்றிய வழக்கு. அதைத்தான் இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

கதையை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பர் 10-ஆம் நாள் அங்கேயே காலமானார். இயக்கியவர் நாகா. தயாரித்தது கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம். கதை நடக்கும் ஊருக்குத் தோட்டக்காரமங்கலம் என்று பெயர். அவ்வூரின் காவல் தெய்வம் கருப்பசாமி. ஊரில் தீங்கு செய்தவன் எவனோ, அவனைக் கருப்பு தண்டிக்கும். இரவில் குளம்பொலி கேட்கும். வெள்ளைக் குதிரையின்மீது ஓர் உருவம் வரும். மறுநாள் குற்றவாளியின் கதி ஊருக்குத் தெரியும். இக்கதையை நேர்கோடாகச் சொல்லாமல், ஒரு சிறுவனின் காலத்தையும் பிற்காலம் ஒன்றையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சென்றார்கள். முதல் சில வாரங்களில் எங்கள் பக்கத்தில் பலருக்கு எது முன், எது பின் என்றே விளங்கவில்லை. விளங்காததனாலேயே அதிகம் பேசினார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேச்சிக் கிழவியாக அதில் நடித்தவர் சி. டி. ராஜகாந்தம். 1941-இல் வந்த 'சபாபதி' படத்தில் காளி என். ரத்தினத்துடன் சேர்ந்து நம் பாட்டன்மாரைச் சிரிக்க வைத்த அதே அம்மையார்தான். சிரிப்பு நடிகை என்று பெயர் வாங்கியவர், முதுமையில் வெறும் பார்வையினாலேயே குழந்தைகளைப் போர்வைக்குள் ஒளிய வைத்தார். நடிப்பு என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால், இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி சொல்வேன்.

வாரத்துக்கு ஒரு பகுதி என்பதில் ஒரு நன்மை இருந்தது. இடையிலுள்ள ஆறு நாளும் பார்த்தவர்களுக்குச் சொந்தம். கருப்பாக வருவது யார் என்று பள்ளிப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் பட்டியல் போட்டிருந்ததை நான் கண்டேன். பட்டியலைக் கிழிக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுது என்றேன். 'முகத்தைப் பார்த்தால் தெரிகிறது' என்று எழுதியவனுக்கு மதிப்பெண் இல்லை. 'அவர் ஊரில் இல்லாத அன்று குளம்பொலி கேட்கவில்லை' என்ற வகையில் எழுதியவனுக்கு உண்டு. கண்ட செய்தியிலிருந்து காணாத செய்தியை ஊகித்து அறிவதை ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு எத்தனையோ முறைகளில் போதித்தார்கள். அதைப் பிள்ளைகள் தாமாகவே விரும்பிச் செய்தது அந்த ஆறு நாட்களில்தான்.

மலைநாட்டில் இக்கதையைப் பார்த்தவர்களுக்குச் சமவெளியினருக்கு இல்லாத ஒரு சங்கடமும் இருந்தது. உதகையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் திரியும் குதிரைகள் இரவில் அவிழ்த்துவிடப்பட்டுத் தெருவோரம் மேயும். அவற்றில் வெள்ளைக் குதிரைகளும் உண்டு. பனிமூட்டத்தில் தெருவிளக்கின் கீழே தனியாக ஒரு வெள்ளைக் குதிரை நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். தோட்டங்களிலோ, தேயிலைச் செடிகளுக்கிடையே காட்டெருமை நடக்கும் ஓசை வேறு. தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டில் இருபது முப்பது பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கையில் விளக்குடன் தத்தம் லயனுக்குத் திரும்புகையில், பின்னால் குளம்பொலி கேட்டால், அது காட்டெருமையாக இருக்க வேண்டுமே என்று தெய்வத்தை வேண்டிக்கொண்டதாக ஒருவர் என்னிடம் சொன்னார். காட்டெருமை முட்டினால் ஆள் பிழைப்பது அரிது. அதனினும் கருப்புக்குத்தான் அவர் அதிகம் அஞ்சினார்.

இனி, முடிச்சு அவிழ்கிற பகுதிக்கு வருவோம். அதுவரை தெய்வத்தின் செயல் என்று ஊரே நம்பியது, உள்ளம் பிளவுபட்ட ஒரு மனிதரின் செயல் என்று மருத்துவம் அங்கே எடுத்துக் காட்டுகிறது. தாம் செய்வது இன்னதென்று அம்மனிதருக்கே தெரியாது. பார்க்காதவர்கள் இனிமேல் பார்க்கக்கூடும். ஆகையால் அவர் யார் என்பதை நான் சொல்லாமல் விடுகிறேன். ஓர் உடலில் இரு ஆளுமைகள் என்ற கருத்து மேல்நாட்டுக் கதைகளுக்குப் புதிதன்று. ஸ்டீவன்ஸன் 1886-இல் எழுதிய ஜெக்கில், ஹைடு கதையை ஆங்கிலப் பாடத்தில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' 1993-இல் வந்தது. தமிழில் 'சந்திரமுகி'யும் 'அந்நியன்'னும் 2005-இல்தான் வந்தன. அவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, பட்டணம் பார்க்காத பாட்டிமாரும் இந்த மனநோயைப் பற்றிப் பேசும்படி செய்தது இந்தத் தொடர்.

அந்தப் பகுதி வந்த மறுநாள் இரண்டு கட்சிகள் தோன்றின. முதல் கட்சிக்கு மகிழ்ச்சி. பேய் என்றும் சாமி என்றும் நம்மை மிரட்டியதெல்லாம் கடைசியில் ஒரு நோய்தானே என்று அவர்கள் வெற்றி முழக்கம் செய்தார்கள். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஏமாற்றம். இத்தனை வாரம் தெய்வத்தைக் காட்டிவிட்டுக் கடைசியில் டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று குறைப்பட்டார்கள்.

இந்த ஏமாற்றத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. எங்கள் மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று 'டான்டீ' என்று நாம் வழங்குவது அதுதான். இவர்களுடைய முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் கடல் கடந்தபோது, கையில் கொண்டுபோன சொத்து மிகக் குறைவு. ஆனால் மாரியம்மனும் முனியும் கருப்பசாமியும் கூடவே போனார்கள். போன இடத்தில் புதிய தெய்வங்களும் பிறந்தன. தேயிலை ஆலையின் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அதனருகே ரோதைமுனி குடியேறினார். செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துசாமி நின்றார். கத்தி காலில் படாமலும் சக்கரத்தில் கை சிக்காமலும் காப்பது இவர்கள் பொறுப்பு. துரையும் கங்காணியும் வைத்ததே சட்டமாக இருந்த இடத்தில், கங்காணி கணக்கில் செய்த புரட்டுக்கு மேல்முறையீடு செய்யக்கூடிய இடம் கருப்பசாமியின் சந்நிதி ஒன்றுதான். மீண்டும் கடல் கடந்து நீலகிரிக்கு வந்தபோதும் அந்தத் தெய்வங்களை விட்டுவிட்டு வரவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் போய், கருப்பு என்பது ஒரு நோயாளியின் வேடம் என்று சொன்னால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒரு கேள்வியை எழுப்பினார். வாசிகசாலைத் திண்ணையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வழக்கம்போல் அந்தப் பகுதியை அலசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன். "ஐயா, மனுசன்தான் செஞ்சான், சீக்குல செஞ்சான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருக்கட்டும். கருப்பசாமிக்கு அதனால ஒண்ணும் கொறைஞ்சு போயிடல. ஆனா அதுக்கு முன்னால ஒவ்வொருத்தன் விழுந்தப்பவும் 'நல்லா வேணும்'னு கையத் தட்டுனது நாமதானே? அந்தக் கைத்தட்டு யாருக்குப் போயி சேர்ந்துச்சு?"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எனக்குத் தெரிந்தவரை அந்தத் தொடரைப் பற்றி எழுதிய எந்த விமரிசகரும் இவ்வளவு நேராக அதன் உயிர்நிலையைத் தொட்டதில்லை. தெய்வம் தண்டித்தது என்று நம்பியபோது அது நியாயமாகப் பட்டது. செய்தவர் தன்னுணர்வற்ற ஒரு மனிதர் என்று தெரிந்த கணத்தில் அதே செயல் கொலையாகிவிடுகிறது. தண்டிக்கப்பட்டவன் கெட்டவன் என்பது மட்டும் மாறவில்லை. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அவன் தரப்பைக் கேட்பார் இல்லை. இவையெல்லாம் வேண்டும் என்று குடிமைப் பயிற்சி வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவர்களும், தொடரைப் பார்க்கும் அரை மணி நேரம் அவற்றை வேண்டாம் என்று வைத்திருந்தோம். இந்தத் தொடரின் வேறு பகுதிகளில் இழுவை உண்டு. தேவையற்ற அலறல்களும் உண்டு. ஆனால் முடிச்சவிழும் இந்த ஒரு பகுதி, பார்ப்பவனையும் குற்றவாளிக் கூண்டின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. அதனால்தான் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை என்று நினைக்கிறேன்.

எங்களுடன் இருந்த ஒரு செவிலியர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கதையில் அந்த நோயாளி கடைசியிலாவது மருத்துவரிடம் வந்து சேர்ந்தார். வெளியில் எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்று கேட்டார். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 'விடாது கருப்பு' முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம் அது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. உதகையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆயினும், தூக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளையையும், தனக்குள் பேசிக்கொள்கிற பெண்ணையும் முதலில் கோடாங்கியிடம்தான் அழைத்துப் போகிறார்கள் என்று அச்செவிலியர் சொன்னபோது, மூதாட்டி மறுக்கவில்லை. "கோடாங்கிக்கிட்டயும் போகட்டும், கோயிலுக்கும் போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸ மட்டும் விட்டுடக் கூடாது" என்றார். எங்கள் மலையில் மாலையில் கடைசிப் பேருந்தை விட்டால் மறுநாள்தான் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

முதல் கட்சிக்காரர்களான என் நண்பர்கள் இதை ஓர் அரைகுறைத் தீர்வு என்கிறார்கள். கோடாங்கியையும் மருத்துவரையும் ஒரே மூச்சில் சொல்வது அறிவுக்கு ஒவ்வாது என்பது அவர்கள் வாதம். நான் அவர்களோடு முழுதும் உடன்படவில்லை. சாமியைப் பொய் என்று ஒப்புக்கொண்டால்தான் மருந்து தருவேன் என்று நிபந்தனை போட்டால், மருந்துக்கு வருகிறவர் தொகைதான் குறையும். ஆனால் இரண்டில் எதற்கு முதலில் போவது என்பதில் செவிலியர் பக்கமே நான். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் நடக்கும்.

மூதாட்டியின் பேரன் கோயம்புத்தூரில் படிக்கிறான். விடுமுறைக்கு வரும்போது கைப்பேசியில் இத்தொடரை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறான். அவனுடைய நண்பர்களும் வந்து உட்கார்ந்து, அடுத்து விழப்போவது யார் என்று பந்தயம் கட்டுகிறார்கள். பாட்டி அவர்களோடு உட்கார்வதில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைக்கிறார். முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "முடிவு சரிதான் ஐயா. அது தெரிஞ்ச பொறகு மொதல்ல இருந்து பாக்கத்தான் முடியல" என்றார். குதிரைக் குளம்பொலி வரும் இடங்களில் மட்டும் திரும்பிப் பார்க்காமலே, "சத்தத்தக் குறைடா" என்பார். பேரனும் குறைத்துவிடுவான்.